கிளிசரினா, பிசினா

ஜனவரி 9

மதிப்பிற்குரிய ஸ்லைடு பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது அலுவலகக் கடிதம். சொந்த விஷயம் எதுவும் இதில் இல்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் நாம் கடைசியாகப் பேசியது எப்படி முடிந்தது என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே தாளில் எழுதுகிறேன்.

சென்ற வாரம் என் மேஜை இழுப்பறையைக் காலி செய்யும்போது பழைய பென்சில் டப்பாவில் ஒரு சின்னக் குப்பி அகப்பட்டது. உள்ளே பாதி வற்றிய ஆல்கஹால். அடியில் ஒரு தூசி. கொட்டப் போனவள், எதற்கும் பார்ப்போமே என்று லென்ஸுக்குக் கீழே வைத்தேன். ஒத்தைக்கண்ணி. பெண். ஒரு கால்கூட உடையவில்லை. படம் வரைவதற்காக ஏழு வருஷத்துக்கு முன் நான் தனியாக எடுத்து வைத்து, அடியோடு மறந்துபோனது.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த நீர்ப்பூச்சியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அலுவலகக் கோப்புக்காக எழுதுகிறேன். இறால், நண்டு வம்சத்தில் கடைக்குட்டி. நெற்றியில் ஒரே கண். புறஊதா ஒளியில் பார்த்தால், கால் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் போன்ற புரதம் தானாகவே நீலமாக ஒளிரும். இதன் உறவுக்காரப் பூச்சிகளுக்கெல்லாம் ஒவ்வொரு காலிலும் இரண்டு நீலப் புள்ளி. இதற்கு மட்டும் மூன்று. அந்த மூன்றாவது புள்ளியைக் காட்டினால்தான் இது புது இனம் என்று ஒப்புக்கொள்வார்கள். காட்டுவதற்கு இந்த ஒன்றை விட்டால் என்னிடம் வேறு கிடையாது. இத்தனை வருஷத்தில் நான் தேடாத இடமில்லை.

இதை முறைப்படி உங்கள் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஸ்லைடு போட ஒரே ஒரு வாய்ப்பு. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இதை எந்தத் திரவத்தில் உட்கார வைப்பது? உங்கள் பிரிவின் விதி என்ன என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

அண்ணனின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இது அலுவலகக் கடிதம்.

இப்படிக்கு,
ஆராய்ச்சியாளர்


ஜனவரி 21

அடியே பூதக்கண்ணாடி,

"மதிப்பிற்குரிய பொறுப்பாளர் அவர்களுக்கு"ன்னு படிச்சதும் என்னை வேலையை விட்டு அனுப்பப் போறாங்களோன்னு பயந்துட்டேன். அப்புறம்தான் கையெழுத்தைப் பார்த்தேன். ஏழு வருஷமா ஒரு வரி இல்ல. எங்க கல்யாண நாளுக்குக்கூட உன் அண்ணனுக்கு மட்டும் வாழ்த்து வரும். ஏன், அவர் தனியாவா கல்யாணம் பண்ணிக்கிட்டார்? இப்போ ஒரு தூசி கிடைச்சதும் அண்ணி ஞாபகம் வந்துடுச்சு.

சரி, அலுவலக பதிலை முதல்ல வாங்கிக்கோ. எங்க விதி பிசின். சூடு பண்ணி, சொட்டு விட்டு, மூடி, காய வைச்சா கல்லு மாதிரி இறுகிடும். நூறு வருஷம் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அலமாரியில நிமிர்த்தி வைக்கலாம், தபால்ல அனுப்பலாம், கீழே போட்டாக்கூட ஒண்ணும் ஆகாது. ஆனா புறஊதா ஒளியில பிசினே நீலமா மினுங்கும். மூட்டுல இருக்கிற உன் நீலம் அதுக்குள்ள கரைஞ்சு போயிடும்.

கிளிசரின் நல்ல பிள்ளை. தெளிவா இருக்கும், தானா மினுங்காது, பூச்சி உடம்பு சுருங்காது. ஆனா இறுகாது. எத்தனை தடவை ஓரத்துல நெயில் பாலிஷ் பூசி அடைச்சாலும் எங்கேயாவது ஒரு இடத்துல கசியும். படுக்க வைச்சே வைக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பார்த்து, ஓரத்தைத் திரும்பப் பூசணும். அந்த வேலைக்கு இங்கே ஆள் இல்லைன்னு எங்க தலைமை அம்மா கிளிசரின் ஸ்லைடை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. தானா இறுகிற கோந்து வகை இருக்கு, அதுல பாதிக்கு மேல அமிலம், நாளாக நாளாகப் பூச்சியை அரிச்சுடும். தண்ணியில போட்டா சாயங்காலத்துக்குள்ள காஞ்சுடும். இவ்வளவுதான் கடை. எதை எடுத்தாலும் ஒண்ணைக் கொடுத்துத்தான் ஒண்ணை வாங்கணும்.

இதுல எது நல்லதுன்னு மட்டும் என்கிட்ட கேட்காதே. ஒரு தடவை நானா யோசிச்சுப் போட்டதுக்கு நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் வெயில் காலத்துல கரண்ட் போய்ப் போய் வந்தது, ஏசி ஓடாம லேப்ல இருந்த கிளிசரின் ஸ்லைடெல்லாம் சூட்டுல கசிஞ்சது. ஊருக்குப் போயிருக்கிற பொண்ணு திரும்பி வந்து அழக்கூடாதேன்னு நீ குப்பியில விட்டுட்டுப் போன முப்பத்தொரு ஒத்தைக்கண்ணியையும் நான் கிளிசரினுக்குப் பதிலா பிசின்ல போட்டு வைச்சேன். மூணு நாள் சரியா சாப்பிடாம போட்டேன். நீ வந்து பார்த்துட்டு, ஒண்ணுலகூட நீலம் இல்லைன்னு, மொத்த தாழ்வாரமும் கேட்க, "ஒட்டுறதைத் தவிர வேற எதுவும் தெரியாத கையால என் ஆறு வருஷத்தைக் கொன்னுட்டீங்க"ன்னு கத்தினே. காபி கொண்டு வந்தவர்கூட நின்னுட்டார்.

ஆறு வருஷம் ஒரே லேப்ல பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்தவங்க நாம. சாப்பாட்டு டப்பா கொடுக்க வந்த உன் அண்ணனை எனக்குக் கட்டி வைச்சவளும் நீதான். அந்த வாயாலதான் அதையும் சொன்னே.

ஒரே ஒரு யோசனை சொல்றேன், வேலை தெரிஞ்சவங்கிற முறையில. கடைசிப் பூச்சியை இப்போ தொடாதே. மீன் தொட்டி வைச்சிருக்கிற யார் வீட்டுலயாவது போய் ஃபில்டர் பஞ்சைப் பிழிஞ்சா அதோட சொந்தக்காரங்க நூறு பேர் வருவாங்க. ஒவ்வொரு திரவத்துலயும் பத்து பத்தா போட்டுப் பாரு.

முதுகுவலி அப்படியே இருக்கு. கேட்கலேன்னு எழுதினதையும் அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன்.

அண்ணி


பிப்ரவரி 17

அண்ணி,

மேல் வீட்டுக்காரர் மீன் தொட்டி வைச்சிருக்கார். பஞ்சைப் பிழிஞ்சு தர முடியுமான்னு போய் நின்னேன். ஒரு மாதிரி பார்த்தார். நல்ல வேளை, அவர் மனைவிக்கு இந்த மாதிரி பைத்தியங்களைப் பிடிக்கும் போல. ஒரு டம்ளர் நிறைய அழுக்குத் தண்ணி கிடைச்சது. நீங்க சொன்ன மாதிரி நூறுக்கு மேலயே இருந்தது.

மூணு வாரமா சாயங்காலம் வேலை முடிஞ்சு இதுதான் பண்றேன். ஸ்லைடு போட உட்கார்ந்தா எனக்கு அந்த ரூமே கண்ணுக்குள்ள வருது. ஜன்னல் பக்கம் உங்க மேஜை, கதவுப் பக்கம் என் மேஜை, நடுவுல ஒரு கெட்டில். அந்த கெட்டில் கொதிச்சா பக்கத்து ரூம் விளக்கு மங்கும், பக்கத்து ரூம்காரர் சுவத்தைத் தட்டுவார், நீங்க பதிலுக்கு ரெண்டு தட்டு தட்டுவீங்க. கவர்ஸ்லிப் கண்ணாடியைப் பூச்சி மேல இறக்கும்போது நீங்க மூச்சைப் பிடிச்சுக்குவீங்க. கூடவே நானும் பிடிச்சுக்குவேன், எதுக்குன்னே தெரியாம. இப்போ இங்கே தனியா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

பின்பக்கச் சுவர் ஞாபகம் இருக்கா? மாடியிலிருந்து வர்ற பைப் ஒழுகி, சுவர் பூரா பாசி. அந்தப் பாசியில இருந்துதானே ஒத்தைக்கண்ணி வந்தா. வருஷா வருஷம் பைப்பை அடைக்க பிளம்பர் வருவார், நாம ரெண்டு பேரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவோம். ஒரு தடவை நீங்க, "மேலே விஷ வாயு இருக்கு, மாஸ்க் இல்லாம போனா நாங்க பொறுப்பில்லை"ன்னு சொன்னதும் மனுஷன் பையைக்கூட எடுக்காம ஓடினார். ஆறு வருஷம் ஒரு ஒழுகலைக் காப்பாத்தினோம்.

நான் கிளம்பி வந்தேன், நீங்களும் மாற்றல் வாங்கிக்கிட்டு அருங்காட்சியகத்துக்குப் போயிட்டீங்க. நாலே மாசம். பிளம்பர் வந்தார், பைப்பை அடைச்சார். போன வருஷம் நான் போய்ப் பார்த்தப்போ சுவர் நல்லா காஞ்சு, வெள்ளை அடிச்சு, பளிச்சுன்னு இருந்தது. நாம சண்டை போடாம இருந்திருந்தா அந்தப் பைப் இன்னும் ஒழுகிட்டிருக்கும் அண்ணி.

முடிவுக்கு வர்றேன். கிளிசரின்ல நீலம் அழகா தெரியுது. அப்போ நாம வாங்கின அதே பிசினையும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பின்னாடி எல்லாம் நீலமா மினுங்குது, ஆனா கொஞ்சம் உத்துப் பார்த்தா மூட்டு தெரியுது. மங்கலா தெரியுது, ஆனா தெரியுது.

இன்னொரு சின்ன சந்தேகம் இருக்கு. அதை இன்னும் ஒரு தடவை செஞ்சு பார்த்துட்டு எழுதறேன்.

உங்க கை பக்குவம் எனக்கு வரல. பத்துக்கு நாலு நசுங்கிடுது. கடைசியை நீங்கதான் போடணும். ப்ளீஸ்.

பூதக்கண்ணாடி


பிப்ரவரி 28

அடியே,

பிளம்பர் கதையைப் படிச்சு சிரிச்சு, உன் அண்ணன் என்னமோ ஏதோன்னு உள்ளேயிருந்து ஓடி வந்தார். விஷ வாயுன்னு சொன்னது நான் இல்ல, நீதான். நான் சொன்னது தேள். பழியைத் தூக்கி என் மேல போடுறதே உனக்குப் பழக்கம்.

கோபத்துல எழுதலடி. அப்படித்தான் வந்தது.

உனக்கு ஒண்ணு தெரியாது. அண்ணனும் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வைச்சேன். அன்னையிலிருந்து நான் ஸ்லைடு போடுறதே இல்ல. பொறுப்பாளர்னு பேரு, லேபிள் எழுதறேன், ரிஜிஸ்டர் பார்க்கறேன், யாராவது கொண்டு வந்தா வாங்கி வைக்கறேன். கொழுந்து இலை நரம்புலயிருந்து கொசு மூக்கு வரைக்கும் போட்ட கை இது. ஒரு தடவை இங்கே புதுசா வந்தவங்க ஒரு பூச்சியைக் கொடுத்துப் போட்டுத் தரச் சொன்னாங்க. கவர்ஸ்லிப்பைக் கையில எடுத்தேன். அந்தத் தாழ்வாரம் காதுல கேட்டுச்சு. கண்ணு சரியில்லைன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு.

நான் பிசின்ல போட்டது தப்புதான்னு எனக்கே தோணிடுச்சு. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கசிஞ்சா கசியட்டும்னு கிளிசரின்லயே போட்டிருக்கணும். முப்பத்தொண்ணு போச்சே, உன் படிப்பு ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சே, நீ ஊரை விட்டே போயிட்டியேன்னு ஏழு வருஷமா நான் எதை நினைச்சு உட்கார்ந்திருப்பேன்னு நினைக்கிறே? அதனால கடைசியை நான் போட மாட்டேன். கெஞ்சாதே. பத்துக்கு நாலு நசுங்கினா இன்னும் நூறு போட்டுப் பழகு.

அப்புறம், அது என்ன சின்ன சந்தேகம்? நீ "சின்ன"ன்னு எழுதினா பெருசுன்னு அர்த்தம். ஃபீஸ் கட்ட மறந்ததைக்கூட "சின்ன விஷயம்"னுதான் ஆரம்பிச்சே. எதையோ மறைக்கிறே. எழுது.

அண்ணி


மார்ச் 9

அண்ணி,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இந்தத் தடவை கிழிக்காம ஒட்டிடறேன்.

அந்த முப்பத்தொண்ணுல நீலம் போனது பிசினால இல்ல. என்னால.

அன்னைக்கு நான் ஊருக்குக் கிளம்பற அவசரம். பூச்சி உடம்பு கொஞ்சம் கலங்கலா இருந்தது, தெளிவா இருந்தா நல்லா இருக்குமேன்னு முப்பத்தொண்ணையும் லாக்டிக் அமிலத்துல ஊறப் போட்டேன். எல்லாரும் செய்யறதுதான். ஆனா ஊறின பிறகு அமிலம் போகக் கழுவணும். எனக்கு ஆட்டோ வந்துடுச்சு. அமிலத்தைப் பேருக்கு வடிச்சேன், மேலே ஆல்கஹாலை ஊத்தினேன், குப்பியில "ரெடி"ன்னு எழுதி உங்க மேஜையில வைச்சுட்டு ஓடிட்டேன். நோட்டுலயும் எழுதல. உங்ககிட்டயும் சொல்லல. நீங்க "ரெடி"ன்னு இருந்ததை நம்பிப் போட்டீங்க.

மீன் தொட்டிப் பூச்சிகளை வைச்சு இப்போதான் கண்டுபிடிச்சேன். அமிலம் பட்டதை எந்தத் திரவத்துல போட்டாலும் நீலம் இல்ல. கிளிசரின்லயும் இல்ல. அமிலம் படாததைப் பிசின்லயே போட்டாலும் மங்கலாவாவது தெரியுது. மூணு தடவை செஞ்சு பார்த்தேன். மூணு தடவையும் அப்படித்தான்.

இதைவிட மோசமானது இன்னொண்ணு. அமிலம் அந்த நீலத்தைக் கொல்லல அண்ணி. அமுக்கி வைச்சிருக்கு, அவ்வளவுதான். அமிலம் பட்ட பூச்சிகளை எடுத்து, புளிப்பு போற அளவுக்கு உப்புத் தண்ணியில ஒரு மணி நேரம் கழுவினேன். நீலம் திரும்பி வந்துடுச்சு. அந்த முப்பத்தொண்ணையும் பிசினைக் கரைச்சு வெளியே எடுத்து, கழுவியிருந்தா எல்லாமே திரும்பி வந்திருக்கும். நான் என்ன பண்ணினேன்? உங்க கண்ணு முன்னாடியே ட்ரேயோட குப்பைத் தொட்டியில கவிழ்த்தேன். கண்ணாடி உடையற சத்தம் கேட்கணும்னே ஓங்கிக் கவிழ்த்தேன்.

ஊரே கேட்க உங்களைத் திட்டினேன். அதுக்குத் தகுந்த மாதிரி ஊரே கேட்க மன்னிப்பு கேட்கணும். இங்கே இருக்கிறது நான் மட்டும்தான். அதனால எழுதிக் கேட்கறேன். மன்னிச்சிடுங்க அண்ணி. மன்னிக்க முடியலேன்னா அதையும் எழுதுங்க.

உங்க கையில எந்தத் தப்பும் இல்ல. அன்னைக்கும் இல்ல.

அண்ணன் வேலை விஷயமா அடுத்த வாரம் இந்தப் பக்கம் வர்றார். அமிலத்துல போடறதுக்கு முன்னாடியே நான் தனியா எடுத்து வைச்ச அந்தக் கடைசிக் குப்பியை அவர்கிட்ட கொடுத்து அனுப்பறேன். நீங்க போட்டாலும் சரி, அப்படியே அலமாரியில வைச்சுப் பூட்டினாலும் சரி. அது உங்ககிட்ட இருக்கணும்.

உங்க நாத்தனார்


ஏப்ரல் 2

ஏழு வருஷம்டி!

இதுக்கு மேல ஒரு வாரம் என்னால எழுத முடியல. இந்தத் தாளை மேஜையில அப்படியே வைச்சிருந்தேன்.

படிச்ச அன்னைக்கு அடுப்பை அணைச்சுட்டு உட்கார்ந்துட்டேன். உன் அண்ணன் வந்து, "சாப்பாடு?"ன்னார். "உங்க தங்கச்சிகிட்ட போய்க் கேளுங்க"ன்னேன். பாவம், அவருக்கு ஒண்ணும் புரியல, பிரெட்டைத் தின்னுட்டுப் படுத்துட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்துல இருந்திருந்தா ரெண்டு அறை விட்டிருப்பேன். அப்புறம் அழுதேன். அப்புறம் திரும்பவும் கோபம். ஒரு ஆட்டோ அஞ்சு நிமிஷம் லேட்டா வந்திருந்தா போதுமே. "ரெடி"க்குப் பக்கத்துல "கழுவலை"ன்னு ஒரே ஒரு வார்த்தை. நாலு எழுத்து எழுத உன் கை தேய்ஞ்சா போகும்?

என் கையை நான் ஏழு வருஷம் நம்பல. அதுக்கு நீ என்ன கழுவித் தருவே?

சரி. திட்டிட்டேன். மன்னிப்பு உடனே வராது, வரும்போது வரும். ஆனா நீ சொல்லாம விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப் போறதில்ல. சொன்னே. அதை நான் ஒரு பக்கம் எடுத்து வைச்சிருக்கேன்.

குப்பி வந்து சேர்ந்தது. சட்டைப் பையில போடாதீங்கன்னு நீ சொன்னதால உன் அண்ணன் அதைக் கைக்குட்டையில சுத்தி, பொறந்த குழந்தை மாதிரி ரெண்டு கையாலயும் ஏந்திட்டு வந்தார். கொண்டு வந்து கொடுத்துட்டு, "உள்ளே ஒண்ணுமே இல்லையே"ன்னார்.

தலைமை அம்மாகிட்ட பேசினேன். முதல்ல கிளிசரின்ல போட்டுப் படம் எடுத்துட்டு, அப்புறம் பிசினுக்கு மாத்தலாமேன்னாங்க. அரை மில்லிமீட்டர் உடம்பை ரெண்டு தடவை வீடு மாத்தினா கால் மிஞ்சுமான்னு நான் கேட்டேன். அந்த யோசனையை விட்டுட்டாங்க. அப்போ ஒண்ணுதான். ஒண்ணைத்தான் எடுக்க முடியும். பிசின்னா அது பத்திரமா இருக்கும், இங்கே எல்லாருக்கும் நிம்மதி, ஆனா உன் மூணாவது புள்ளி தெரிஞ்சாலும் தெரியும், தெரியாமலும் போகும். கிளிசரின்னா புள்ளி தெரியும், ஆனா யாராவது ஒருத்தர் வருஷா வருஷம் அதைக் கவனிச்சுக்கணும். ஒரு வருஷம் மறந்தாப் போச்சு. உனக்கு எது வேணும்? ஒரு வரியில எழுது.

இன்னொண்ணு சொல்லணும். எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். நீயே எல்லாத்தையும் கொட்டிட்டே, எனக்கென்ன.

நான் ஒரு தடவைகூட அந்த நீலத்தைப் பார்த்ததில்லடி. ஆறு வருஷம் ஒத்தைக்கண்ணியையும் அவ சொந்தக்காரங்களையும் நூத்துக்கணக்கா போட்டுக் கொடுத்தேன். நீ ஸ்லைடை வாங்கிட்டு இருட்டறைக்குள்ள போவே, கதவைச் சாத்துவே, உள்ளேயிருந்து "ஐயோ அண்ணி, என்னமா இருக்கு"ன்னு கத்துவே. நான் வெளியே அடுத்த கண்ணாடியைத் துடைச்சுட்டிருப்பேன். வந்து பாருங்கன்னு ஒரு தடவையாவது நீ கூப்பிடுவேன்னு நினைச்சேன். கதவைத் திறந்தா வெளிச்சம் வந்துடும்னு நீ சொன்னே. அது நிஜம்தான். நானும் கேட்கல. நீலம் போச்சுன்னு நீ கத்தினப்போ, எனக்கு எது போச்சுன்னே தெரியாது.

அண்ணி


ஏப்ரல் 10

அண்ணி,

ஒரு வரின்னா இதுதான்: கிளிசரின்.

இனி வர்றது ஒரு வரிக்கு மேல. உங்க கடிதத்தோட கடைசிப் பத்தியைப் படிச்சதுல இருந்து எனக்கு வேலையே ஓடல. நூறு தடவை உள்ளே போயிருக்கேன். நூறு தடவையும் கதவை நான்தான் சாத்தினேன். நீங்க வெளியே இருக்கீங்கன்னு தெரியும், கத்திச் சொன்னா கேட்கும்னு தெரியும், சந்தோஷத்தைப் பங்கு போட்டுட்டதாவே நினைச்சுட்டேன். உங்க பங்குக்குக் கதவுச் சத்தம்தான் கிடைச்சிருக்கு. இதுக்கு எந்த ஆட்டோ மேலயும் நான் பழி போட முடியாது.

பிசின் எனக்கு வேண்டாம். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாத ஸ்லைடை நாம ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துட்டோம். வருஷத்துக்கு ஒரு தடவை ஓரம் பூச ஆள் வேணும்னா நான் வர்றேன். லீவு போட்டுட்டு வர்றேன், எழுதிக் கொடுக்கச் சொன்னா எழுதியும் கொடுக்கறேன். தலைமை அம்மா ஒப்புக்கலேன்னா அவங்க அறை வாசல்லயே உட்கார்ந்துடறேன். பிளம்பரையே திருப்பி அனுப்பினவங்க நாம.

ஸ்லைடு எப்போ போட்டு முடிப்பீங்க? புறஊதா மைக்ராஸ்கோப் உங்க பக்கம் இல்ல, இங்கேதான் இருக்கு. எப்படி அனுப்பறீங்க?

பூதக்கண்ணாடி


ஏப்ரல் 25

அடியே பூதக்கண்ணாடி,

போட்டுட்டேன்.

ஆல்கஹால்ல ஒரு துளி கிளிசரின் கலந்து, பூச்சியை அதுல விட்டு, ஆல்கஹால் தானா ஆவியாகட்டும்னு அஞ்சு நாள் மூடி வைச்சேன். ஒரேயடியா கிளிசரின்ல போட்டா உடம்பு சப்பையாயிடும்னு உனக்கே தெரியும். ஆறாவது நாள் காலையில, இங்கே யாரும் வர்றதுக்கு முன்னாடி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். ஏற்கெனவே துடைச்ச கண்ணாடியை இன்னொரு தடவை துடைச்சேன். அப்புறம் கவர்ஸ்லிப் பூச்சியை நசுக்காம இருக்க அடியில முட்டு வைக்கணுமே, என்னத்தை வைக்கிறதுன்னு தேடினேன். என் தலையிலிருந்தே ரெண்டு நரைமுடி பிடுங்கி, வெட்டி, ஓரத்துல வைச்சேன். சரியான தடிமன். இந்த ஏழு வருஷத்துல எனக்கு நரைச்சதுக்கு ஒரு உபயோகம் ஆச்சு.

கவர்ஸ்லிப்பை இறக்கும்போது மூச்சைப் பிடிச்சேன். ஒரு குமிழிகூட இல்ல. கால் பத்திரம். கண்ணு பத்திரம். ஓரத்துல நெயில் பாலிஷ் மூணு தடவை பூசி, நடுவுல ஒவ்வொரு நாள் காய வைச்சேன். அவ உள்ளே கால் நீட்டிப் படுத்திருக்கா, தொந்தரவு பண்ணாதேங்கிற மாதிரி. எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்து திரும்பவும் பார்த்தேன். அப்புறம் திரும்பவும். உன் அண்ணனுக்குப் போன் பண்ணி, "போட்டுட்டேன்"ன்னேன். "எதை?"ன்னார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, வைங்க"ன்னேன்.

தலைமை அம்மா ஒரு தாள் கொடுத்தாங்க, வருஷா வருஷம் பராமரிக்க ரெண்டு பேர் பொறுப்பேத்துக்கணும்னு. முதல் இடத்துல நான் கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டாவது காலியா இருக்கு. தாள் என் பையிலதான்.

எப்படி அனுப்பறீங்கன்னு கேட்டிருக்கே. அனுப்ப முடியாதுடி. கிளிசரின் ஸ்லைடைத் தபால்ல போட்டா நிமிர்த்துவான், சாய்ப்பான், தூக்கி எறிவான், வந்து சேரும்போது கண்ணாடியும் பிசுபிசுப்பும்தான் மிஞ்சும். உன் அண்ணனை அனுப்பலாம்னா அவர் ரயில் ஏறினதும் தூங்கிடுவார். அதனால நானே கொண்டு வர்றேன். பத்தொன்பது மணி நேரம். ஒரு தட்டையான டப்பாவுல பஞ்சு வைச்சு, படுக்க வைச்சு, மடியிலேயே வைச்சுட்டு வர்றதா இருக்கேன். படம் எடுத்த பிறகு நானே திரும்பக் கொண்டு போறேன்.

வெள்ளிக்கிழமை காலையில ஒன்பதே காலுக்கு வண்டி வரும். நாலாவது பெட்டி. வெளியே நின்னு கையை ஆட்டாதே, நான் திருப்பி ஆட்ட மாட்டேன், ரெண்டு கையும் டப்பாவுல இருக்கும். பெட்டிக்குள்ளயே ஏறி வந்து பையை எடுத்துக்கோ. எனக்கு முன்னாடி நட, யாரும் இடிக்காம பார்த்துக்கோ. வீட்டுக்கெல்லாம் அப்புறம் போகலாம், சாப்பாடும் அப்புறம்தான். நேரா லேபுக்குக் கூட்டிட்டுப் போ.

இருட்டறையில எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டு வை.

அண்ணி